எகிப்தியருக்கு முகத்தை நேராக வரையத் தெரியாதா?

"பிரமிடு கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு மனித முகத்தை நேராக வரையத் தெரியாமல் போனது எப்படி? 3000 வருடம் அதே பக்கவாட்டு ஆட்களையே வரைந்து அவர்களுக்குச் சலிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று திறமை: முடியாமல்தான் அப்படி வரைந்தார்களா? மற்றது பிடிவாதம்: முடியும் என்றால் ஏன் மாற்றவில்லை? நான் ஓவியம் படித்தவன், பல வருடங்களாக உருவம் வரையச் சொல்லிக்கொடுத்து வருபவன். சித்திர எழுத்துகளைப் படிக்கிற ஆள் இல்லை. அதனால் கோடு, அளவு பற்றிப் பேசும்போது என் தொழிலிலிருந்து பேசுகிறேன். சமயம், கல்வெட்டு என்று வரும்போது அந்தத் துறையினர் நிலைநாட்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரிவது, நம்மை நோக்கி நீளும் கை குட்டையாகத் தெரிவது, இதையெல்லாம் முறையாக வரையும் வித்தை எகிப்தியரிடம் இல்லை. அன்றைக்கு உலகத்தில் யாரிடமும் இல்லை. கிரேக்கப் பானை ஓவியர்கள் ஒரு பாதத்தை முன்னாலிருந்து பார்த்தபடி வரையத் துணிவதே கி.மு. 500-ஐ ஒட்டித்தான். ஆனால் முகத்தை நேராக வரைய அந்த வித்தை தேவையே இல்லை. அதை எகிப்தியர் ஆரம்பத்திலிருந்தே செய்திருக்கிறார்கள். நார்மர் மன்னரின் பலகைக்கல் என்று ஒன்று இருக்கிறது. 64 செ.மீ. உயரம், சுமார் கி.மு. 3100. அதன் உச்சியில் மாட்டுக் காதும் கொம்பும் உள்ள பெண் தெய்வத்தின் முகம் நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது. அதே கல்லில், அதற்குக் கீழே, மன்னர் பக்கவாட்டில் நிற்கிறார். பிற்காலத்தில் ஹாத்தோர் தெய்வத்தையும், பிள்ளைப்பேற்றுக்குக் காவல் நிற்கும் பெஸ் என்ற குள்ளத் தெய்வத்தையும் பெரும்பாலும் நேர்முகமாகவே காட்டினார்கள். அவர்களுடைய எழுத்தில் 'முகம்' என்பதற்கான குறியே நேராகப் பார்க்கும் முகம்தான். ஆக, தெரியாமல் செய்தார்கள் என்ற வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

சரி, அப்படியானால் அந்த ஆட்கள் ஏன் அப்படி நிற்கிறார்கள்? ஒரு உருவத்தை நிதானமாகப் பாருங்கள். தலை பக்கவாட்டில், ஆனால் கண் முழுசாக முன்னாலிருந்து பார்த்தது. தோள்கள் இரண்டும் விரிந்து முன்னால், ஆனால் மார்பின் ஓரக் கோடு பக்கவாட்டில். இடுப்பு, கால்கள் மீண்டும் பக்கவாட்டில். பாதங்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: இரண்டிலும் கட்டைவிரல் நம் பக்கம்தான் இருக்கும், இரண்டு பாதத்தின் உட்புறமும் ஒரே நேரத்தில் தெரியும். உலகத்தில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் மனிதர் இப்படித் தெரிய மாட்டார். ஓவியர் ஓர் இடத்தில் நின்று பார்க்கவே இல்லை என்பதுதான் இதன் பொருள். உடம்பின் ஒவ்வொரு பாகத்தையும் அது எந்தப் பக்கத்திலிருந்து சந்தேகமில்லாமல் தெரியுமோ அந்தப் பக்கத்திலிருந்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். வீடு கட்டப் பொறியாளர் கொடுக்கும் தாளில் தரைப்படமும் முன்பக்கத் தோற்றமும் ஒன்றாக இருப்பதை நாம் குறை சொல்வதில்லையே, அந்த மாதிரி.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நெபாமூன் என்ற கோயில் கணக்கரின் கல்லறைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த ஓவியத் துண்டுகள் இருக்கின்றன. சுமார் கி.மு. 1350-ஐச் சேர்ந்தவை. அதில் ஒரு துண்டு தோட்டமும் குளமும். குளம் மேலிருந்து பார்த்த நீள்சதுரம். அதற்குள் மீன்களும் வாத்துகளும் தாமரையும் பக்கவாட்டில். குளத்தைச் சுற்றி ஈச்சையும் அத்தியும். ஒரு கரையின் மரங்கள் நிமிர்ந்து நிற்க, இன்னொரு கரையின் மரங்கள் படுத்த மாதிரி கிடக்கின்றன. இதைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்களிடம் நான் ஒன்றைக் கேட்பேன்: குளத்தின் வடிவம் என்ன, எந்தக் கரையில் என்ன மரம், தண்ணீரில் என்ன மீன் என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? முடியும். கரையில் நின்று எடுத்த ஒரு நல்ல புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியுமா? பாதிதான் முடியும்.

இவ்வளவு முழுமை எதற்கு என்ற கேள்விக்குப் பதில், அந்தப் படங்கள் இருந்த இடத்தில் இருக்கிறது. நாம் இன்று பார்ப்பவற்றில் பெரும்பகுதி பொதுமக்கள் பார்க்க வரைந்ததே இல்லை. கல்லறைகளுக்குள்ளும் கோயில்களின் உள்ளறைகளிலும் இருந்தவை. அங்கே படம் ஒரு வேலை செய்தது: இறந்தவருக்கு உணவும் பணியாட்களும் குறையாமல் கிடைக்க வேண்டும், சிலைக்குள் அவருடைய உயிர்ச்சக்தி வந்து தங்க வேண்டும். கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா என்ற பழைய இடுகாட்டில் ஜோசர் மன்னரின் படிக்கட்டுப் பிரமிடுக்கு வடபுறம், சுமார் கி.மு. 2650-இல் கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. கதவே கிடையாது. அதற்குள் மன்னரின் சுண்ணாம்புக்கல் சிலை உட்கார்ந்திருந்தது. சிலையின் கண் மட்டத்தில் சுவரில் இரண்டு துளைகள். நாம் உள்ளே பார்ப்பதற்காகப் போட்ட துளைகள் அல்ல, சிலை வெளியே பார்ப்பதற்காக. மூலச் சிலை இப்போது கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அங்கே நகல் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட அழுத்தமான சான்று, பிரமிடுகளின் உட்சுவர்களில் வெட்டிய மறுமை மந்திரங்களில் கிடைக்கிறது. சித்திர எழுத்தில் பாம்பு, சிங்கம், மனிதன் எல்லாம் எழுத்துகள். மன்னரின் உடல் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில் இவற்றை எழுத நேர்ந்தபோது சில இடங்களில் மிருகத்தை இரண்டு துண்டாக வெட்டிக் காட்டியிருக்கிறார்கள், மனித உருவத்தைத் தலையும் கையும் மட்டுமாக எழுதியிருக்கிறார்கள். எழுத்துகூட எழுந்து வந்து கடிக்கும் என்று அஞ்சியவர்களுக்கு, சுவரில் வரைந்த எஜமானர் வெறும் படமாக இருந்திருக்க முடியாது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. "ஒரு கை மறைந்தபடி வரைந்தால் மறுமையில் ஒற்றைக் கையோடு இருப்பார் என்று பயந்தார்கள், அதனால்தான் எல்லா உறுப்பையும் காட்டினார்கள்" என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் ஆளின் கை இன்னொருவர் உடம்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் படங்கள் அதே கல்லறைகளில் எத்தனையோ உண்டு. வரிசையாகப் போகும் மாடுகளில் முதல் மாடு முழுசாகவும், மற்றவை வெறும் முகக் கோடாகவும் இருக்கும். படம் வேலை செய்யும் என்று நம்பினார்கள் என்பது உறுதி. அந்த நம்பிக்கையிலிருந்து ஒவ்வொரு கோட்டுக்கும் நேரடியாக ஒரு காரணம் பிடிப்பது நம்முடைய ஊகம்.

என்னைக் கேட்டால், விதியைவிட அது எங்கே தளர்கிறது என்று பார்ப்பதே பயனுள்ளது. படத்தில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளோ அவ்வளவு விறைப்பு. சக்காராவிலேயே 5-ஆம் வம்சத்து அதிகாரி 'தி' என்பவரின் கல்லறையில் நீர்யானை வேட்டைக் காட்சி ஒன்று இருக்கிறது. பின்னணி முழுக்கப் பாப்பிரஸ் என்ற கோரைத் தண்டுகள், செங்குத்தான கோடுகளாக. பக்கத்துப் படகில் வேட்டைக்காரர்கள் ஈட்டியை ஓங்கி, உடம்பை வளைத்து, கயிற்றை இழுக்கிறார்கள். தண்ணீரில் நீர்யானைகள் கத்துகின்றன. நடுவே 'தி', மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் பெரியவராக, கையில் கோலோடு அசையாமல் நிற்கிறார். வேட்டையாடவே இல்லை, பார்க்கிறார், அவ்வளவுதான். அதே கல்லறையில் மாட்டு மந்தை நீரோடையைக் கடக்கும் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. இடையன் ஒரு கன்றுக்குட்டியை முதுகில் தூக்கிப் போகிறான். கன்று தலையைத் திருப்பி, நாக்கை நீட்டி, பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. மாடுகளின் கால்கள் தண்ணீருக்குள் தெரியும்படி, அலைக் கோடுகளுக்கு அடியில் வண்ணத்தில் காட்டியிருக்கிறார்கள். சுமார் 4400 ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்த கை, முகத்தைத் திருப்பத் தெரியாத கை இல்லை.

நெபாமூனின் ஓவியங்களிலும் இதேதான். விருந்துக் காட்சியில் விருந்தினர்கள் மரியாதையாகப் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழ் வரிசையில் இசைக்கும் பெண்களில் இரண்டு பேர் மட்டும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள், முடி கொஞ்சம் கலைந்திருக்கிறது, மடித்து உட்கார்ந்ததில் உள்ளங்கால் தெரிகிறது. நீங்கள் தேடிய நேர்முகம் இங்கே இருக்கிறது. கூலிக்கு வந்தவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, வீட்டு எஜமானருக்கு இல்லை. பறவை வேட்டைத் துண்டில் ஒரு பூனை வாயில் ஒரு பறவை, முன்னங்காலில் ஒன்று, பின்னங்காலில் ஒன்று என்று மூன்றைப் பிடித்திருக்கிறது. அதன் ரோமத்தை ஒவ்வொரு கோடாகத் தீட்டி, கண்ணில் பொன் தகடு ஒட்டியிருக்கிறார் ஓவியர். எஜமானரின் முகத்தைவிடப் பூனைக்கு அதிக நேரம் செலவழித்திருப்பார் என்றே தோன்றுகிறது.

சிலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4-ஆம் வம்சத்து இளவரசர் அங்க்ஹாஃபின் மார்பளவுச் சிலை பாஸ்டனில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே தொங்கும் தசைவரை உள்ளது உள்ளபடி. 1860-இல் சக்காராவில் கா-அப்பெர் என்பவரின் மரச்சிலை கிடைத்தபோது, தோண்டிய தொழிலாளர்கள் அது தங்கள் ஊர்த் தலைவரைப் போலவே இருக்கிறது என்று சொல்லி அந்தப் பெயராலேயே அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள். தொந்தி, வட்ட முகம், உயிரோடு பார்க்கும் கண். நேர்முகம் தெரியாதவர்கள் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி அவர்கள் எப்படி வரைந்தார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது. பாதியில் நின்றுபோன கல்லறைகள் நமக்குப் பெரிய அதிர்ஷ்டம். அரசர்களைப் புதைத்த மன்னர்கள் பள்ளத்தாக்கில் ஹோரெம்ஹெப்பின் கல்லறையில் வேலை முடிவதற்குள் மன்னர் இறந்துவிட்டார். அதனால் ஒவ்வொரு கட்டமும் சுவரில் அப்படியே நிற்கிறது: சிவப்புக் காவியில் முதல் வரைவு, அதன் மேல் கருப்பில் தலைமை ஓவியரின் திருத்தம், சில இடங்களில் உளி தொட்ட பாதிச் செதுக்கல், சில இடங்களில் முடிந்த வண்ணம். சேத்தி மன்னரின் கல்லறையிலும் ஓர் அறை முழுக்க வரைவோடு நிற்கிறது. சிவப்புக் கோட்டைவிடக் கருப்புக் கோடு எத்தனை நிச்சயமாகப் போகிறது என்பதை வரைகிறவர்கள் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

உருவத்துக்கு அடியில் சதுரக் கட்டங்கள் இருக்கும். பிரமிடுகள் எழுந்த பழைய அரசுக் காலத்தில் (சுமார் கி.மு. 2700–2200) சில வழிகாட்டிக் கோடுகள் மட்டும். அதற்கு அடுத்த மத்திய அரசுக் காலத்திலிருந்து (சுமார் கி.மு. 2000 முதல்) முழுக் கட்டம். நிற்கும் ஆளுக்கு உள்ளங்காலிலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம்வரை 18 சதுரம். முழங்கால் 6-ஆவது கோட்டருகே, முழங்கை 12, கழுத்தும் தோளும் சேரும் இடம் 16. உட்கார்ந்த ஆளுக்கு 14. உச்சந்தலையை அளவில் சேர்க்காததற்குக் காரணம் எளிது, அங்கே கிரீடமோ பொய்முடியோ வந்துவிடும். நான் வகுப்பில் இந்தப் பயிற்சியைக் கொடுப்பதுண்டு. கட்டம் இல்லாமல் ஓர் எகிப்திய உருவத்தைப் பார்த்து வரையச் சொன்னால் ஒவ்வொருவர் தாளிலும் ஒவ்வொரு ஆள் வருவார். கட்டத்தோடு சொன்னால், வகுப்பில் சுமாராக வரைபவர் தாளிலும் ஏறக்குறைய அதே ஆள் வந்து நிற்பார். ஒரே சுவரில் பலர் வேலை செய்து ஒரே கை செய்த மாதிரி வர வேண்டிய இடத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வெண்பூச்சுப் பூசிய ஒரு மரப்பலகை உண்டு. கட்டத்துக்குள் மூன்றாம் துட்மோஸ் மன்னர் உட்கார்ந்திருக்கிறார், ஓரத்தில் யாரோ முன்கை, காடைக் குஞ்சு என்ற இரண்டு சித்திர எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகியிருக்கிறார்கள்.

மாறவே இல்லை என்பதில் பாதிதான் உண்மை. நார்மர் பலகையின் ஒரு பக்கத்தில் மன்னர் எதிரியின் முடியைப் பிடித்துக்கொண்டு கதாயுதத்தை ஓங்குகிறார். எட்ஃபு கோயிலின் 36 மீட்டர் உயர நுழைவுச் சுவரில் பன்னிரண்டாம் தாலமியும் அதையேதான் செய்கிறார், கி.மு. முதல் நூற்றாண்டில். 3000 ஆண்டு இடைவெளி, நிற்கும் நிலை ஒன்றே. தாலமி கிரேக்க வழி மன்னர், அவருக்குப் பின் எஸ்னா கோயிலில் ரோமப் பேரரசர்களும் அதே கோலத்தில் நிற்கிறார்கள். எகிப்தின் மன்னர் என்றால் அப்படித்தான் நிற்க வேண்டும். யாராக இருந்தாலும் அந்த நிலைக்குள் வந்துதான் ஆக வேண்டும்.

அதே சமயம் உள்ளே நிறையவே மாறியது. 12-ஆம் வம்சத்தில் மூன்றாம் செனுஸ்ரத் மன்னரின் முகம் திடீரென்று கனத்த இமையும் சோர்ந்த வாய்க்கோடுமாக வருகிறது, கீழே உடம்பு மட்டும் வழக்கம்போல இளமையாக. 18-ஆம் வம்சத்தின் நடுவில், நம் பக்கத்துப் பாதத்தில் ஐந்து விரல்களும் தெரிய ஆரம்பிக்கின்றன. கி.மு. 7-ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டமே மாறி, மேல் இமைவரை 21 சதுரம் என்று ஆகிறது. முழ அளவு மாறியதால் இது வந்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது, அளக்கும் விதம்தான் மாறியது, உடம்பின் விகிதம் பெரிதாக மாறவில்லை என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது சரியாகப் படுகிறது, ஆனால் வழக்கு முடியவில்லை.

பெரிய உடைப்பு அகெனாதென் மன்னர் காலத்தில், சுமார் கி.மு. 1350-க்குப் பின். நீண்ட முகம், ஒடுங்கிய தோள், பெருத்த இடுப்பு, மகளை மடியில் வைத்துக் கொஞ்சும் மன்னர். இதைச் செய்தவர்கள் வேறு நாட்டிலிருந்து வரவில்லை. அஸ்வானில் ஒரு பாறையில் இரண்டு சிற்பிகள் தங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒருவர் மென், அகெனாதெனின் தந்தையிடம் வேலை பார்த்தவர். மற்றவர் அவர் மகன் பாக். மன்னரே தனக்குப் பாடம் சொன்னார் என்று பாக் பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அப்பா பழைய பாணி, பிள்ளை புதிய பாணி. மன்னர் சொன்னால் சில வருடங்களிலேயே எல்லாவற்றையும் மாற்ற முடிந்தது. அவர் போனதும் பெரும்பாலும் பழையதற்கே திரும்பவும் முடிந்தது. அப்படியென்றால் மற்ற நூற்றாண்டுகளில் மாறாமல் இருந்ததும் வேண்டும் என்றே செய்ததுதான்.

அகெனாதெனுக்கு அந்த உடல்வாகு நோயால் வந்தது என்று பல மருத்துவர்கள் பல நோய்ப் பெயர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவருடையதாக இருக்கலாம் என்று பலர் கருதும் எலும்புக்கூட்டில் அப்படி ஒரு விபரீதமும் தெரியவில்லை, அது அவருடையதுதானா என்பதிலும் சண்டை ஓயவில்லை. நோய்க்கதையை நான் ஒதுக்கிவிடுவேன். தெண்டெரா கோயிலில் மின்விளக்குச் செதுக்கியிருக்கிறார்கள் என்று வரும் படத்தையும் அப்படியே ஒதுக்கலாம். அது தாமரையிலிருந்து எழும் பாம்பு, பக்கத்திலேயே எழுத்தும் இருக்கிறது. கல்லறைகளைத் தோண்டி வரைந்தவர்கள் வாழ்ந்த தெய்ர் எல்-மதீனா கிராமத்தில், வேலைக்கு எத்தனை விளக்குத் திரி கொடுத்தோம் என்ற கணக்கே கிடைத்திருக்கிறது.

கடைசியாக, சலிப்பு. அந்தத் தெய்ர் எல்-மதீனாக்காரர்களைப் பற்றித்தான் இதில் ஏதாவது சொல்ல முடியும். சுவரில் விதிப்படி வரைந்துவிட்டு, கீழே கிடந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளில் அவர்கள் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார்கள். பூனை விசிறி வீச, எலி எஜமானி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. டூரின் அருங்காட்சியகத்தில் சுமார் 17 செ.மீ. அகலச் சில்லில் ஒரு நடனப் பெண் முழு உடம்பையும் பின்னால் வில்லாக வளைத்து நிற்கிறாள், கூந்தல் தரையில் புரள்கிறது. திருத்தல் அதிகமில்லாத கோடு. கேம்பிரிட்ஜில் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் ஒரு கல்தச்சர்: புடைத்த மூக்கு, மழிக்காத தாடி, கையில் உளியும் கொட்டாப்புளியும், வேலை மும்முரத்தில் வாய் திறந்திருக்கிறது. அவரோடு வேலை பார்த்தவர்தான் வரைந்திருக்க வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் வாய் பேசாத பொம்மைகளும் இல்லை. மூன்றாம் ராம்சேசின் 29-ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி தாமதமானபோது கருவிகளைப் போட்டுவிட்டுப் போய்க் கோயில் வாசலில் உட்கார்ந்தவர்கள் இவர்கள்.

விதிக்கு உட்பட்ட வேலையிலும் அவர்களுக்குப் பெருமை இருந்தது. கி.மு. 2000-க்குச் சற்று முன் வாழ்ந்த இர்த்திசென் என்ற கலைஞரின் நினைவுக்கல் பாரிஸ் லூவரில் இருக்கிறது. ஓடுகிறவனின் கால் எப்படிப் போகும், நீர்யானை மேல் ஈட்டி எறிகிறவன் கையை எப்படி ஓங்குவான், பெண் எப்படி நடப்பாள், எல்லாம் தனக்குத் தெரியும் என்கிறார். தொழிலின் ரகசியத்தைத் தன்னையும் தன் மூத்த மகனையும் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதே கல்லில் அவரும் மனைவியும் படையல் மேசை முன் இருக்கிறார்கள், வழக்கம்போலப் பக்கவாட்டில்.